பிடி அரிசியில் தொடங்குங்கள்

எங்கள் வீட்டு அடுப்படியில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் பழைய பால்பவுடர் டப்பா ஒன்று இருக்கும். உலைக்கு இரண்டு உழக்கு அரிசி அளந்ததும் அம்மா அதிலிருந்து ஒரு பிடி அள்ளி டப்பாவில் போட்டுவிட்டுத்தான் மீதியைக் களைவாள். மாதத்தின் முதல் ஞாயிறு அந்த அரிசி ஒரு மஞ்சள் பையில் ஏறி எங்களோடு கோயிலுக்கு வரும். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் அதற்குப் பிடி அரிசிக் காணிக்கை என்று பெயர். மாதக் கடைசியில் வீட்டில் அரிசி தட்டும்போதும் டப்பாவுக்குப் போவது நிற்காது. பிடி கொஞ்சம் சிறுத்துப்போகும், அவ்வளவுதான்.

கிறிஸ்தவ வழியில் புதிதாக நடக்கத் தொடங்கியவர்கள் என்னிடம் கேட்கிற கேள்விகளில் பாதி பணத்தைப் பற்றியவை. இருப்பதையெல்லாம் விற்றுவிட வேண்டுமா? சம்பளத்தில் பத்தில் ஒன்று கட்டாயமா? பணக்காரனுக்குப் பரலோகம் கிடையாதா? தாழ்மை என்றால் எல்லாரிடமும் தலையாட்டிக்கொண்டே இருப்பதா? நான் ஐயரும் (சபைப் போதகரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) இல்லை, இறையியல் படித்தவனும் இல்லை. பல வருடம் சபைக் கணக்கு எழுதியவன். ஆராதனை முடிந்து எல்லாரும் வெளியே பேசிக்கொண்டிருக்கும்போது காணிக்கைப் பையை மேசையில் கவிழ்த்து எண்ணுகிறவனுக்குத் தெரியவருகிற சில விஷயங்கள் உண்டு. அவற்றையும், வேதத்திலும் சபை வரலாற்றிலும் படித்ததையும் சேர்த்து, நடைமுறைக்கு ஆகிற மாதிரி வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

தொடங்கும் முன்: வேதம் எல்லாரிடமும் ஒரே தொகையைக் கேட்கவில்லை

"பணம் எல்லாத் தீமைக்கும் வேர்" என்று மேடையில் அடிக்கடி சொல்வார்கள். பவுல் எழுதியது அப்படியில்லை. 1 தீமோத்தேயு 6:10-ஐத் திறந்து பாருங்கள். அங்கே இருப்பது "பண ஆசை". அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டுப் படித்தவர்கள் தங்களையும் குழப்பிக்கொண்டு பிறரையும் குழப்பியிருக்கிறார்கள்.

அடுத்து, சுவிசேஷத்தில் பணம் வைத்திருந்தவர்களை ஒரு காகிதத்தில் எழுதுங்கள். மாற்கு 10-இல் வருகிற ஐசுவரியவானிடம் இயேசு எல்லாவற்றையும் விற்றுத் தரித்திரருக்குக் கொடுக்கச் சொன்னார். அவன் துக்கத்தோடு போய்விட்டான். லூக்கா 19-இல் சகேயு, யாரும் தொகை சொல்லாமலே, ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்கும், ஏமாற்றி வாங்கியதற்கு நாலத்தனையாகவும் தருகிறேன் என்கிறான். மீதிப் பாதி எங்கே என்று இயேசு கேட்கவில்லை. லூக்கா 8-இல் ஏரோதின் காரியக்காரன் கூசாவின் மனைவி யோவன்னாளும் சூசன்னாளும் தங்கள் ஆஸ்தியைக் கொண்டு இயேசுவுக்கும் சீடருக்கும் செலவு செய்துவந்தார்கள். அரிமத்தியா ஊர் யோசேப்பு தனக்கென்று வெட்டி வைத்திருந்த கல்லறையைக் கொடுத்தான். அப்போஸ்தலர் 5-இல் அனனியா நிலத்தை விற்று ஒரு பகுதியை ஒளித்துக்கொண்டு முழுவதையும் கொடுத்ததுபோல நடித்தான். விற்குமுன் அது உன்னுடையதாகத்தானே இருந்தது, விற்ற பின்னும் உன் வசத்தில்தானே இருந்தது என்றுதான் பேதுரு அவனைக் கேட்கிறார். அவன் மாட்டிக்கொண்டது மிச்சம் வைத்ததற்காக இல்லை, பொய்க்காக.

ஒருவனிடம் எல்லாம், ஒருவனிடம் பாதி, ஒருத்தியிடம் மாதாமாதச் செலவு, ஒருவனிடம் ஒரு கல்லறை. தமிழில் பிடி என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பது எனக்கு இந்த இடத்தில் உதவுகிறது. கைக்குள் அடங்குகிற அளவும் பிடி, விடமாட்டேன் என்று இறுக்குவதும் பிடி. மாற்கு 10-இல் வந்தவனை முகவாட்டத்தோடு திருப்பி அனுப்பியது இரண்டாவது பிடி.

இன்னொன்று. மலைப்பிரசங்கத்தில் நம் பழைய மொழிபெயர்ப்பு "ஆவியில் எளிமையுள்ளவர்கள் பாக்கியவான்கள்" என்கிறது; கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியத்தில் அது "ஏழையரின் உள்ளத்தோர்". லூக்கா 6:20-லோ சுற்றிவளைப்பே கிடையாது: "தரித்திரராகிய நீங்கள்". கையில் காசு புரளுகிறவர்களுக்கு மத்தேயுவைப் பிடிக்கும். நீங்கள் இரண்டையும் படியுங்கள். ஒன்றைக் கொண்டு மற்றதை மூடிவிடாதீர்கள்.

1. ஒரு மாதம் கணக்கு எழுதுங்கள்

ஜெபம், உபவாசம் எல்லாவற்றுக்கும் முன்னால் இதைச் சொல்வது கணக்குப்பிள்ளைப் புத்தி என்று தோன்றலாம். பரவாயில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, வருகிற ஒவ்வொரு ரூபாயையும் போகிற ஒவ்வொரு ரூபாயையும் முப்பது நாள் எழுதுங்கள். எதையும் குறைக்க வேண்டாம், யாருக்கும் காட்ட வேண்டாம். "உங்கள் பொக்கிஷம் எங்கேயிருக்கிறதோ அங்கே உங்கள் இருதயமும் இருக்கும்" என்று இயேசு சொன்னதை இந்த நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

மாதம் முடிந்ததும் அலமாரியைத் திறந்து, ஒரு வருடமாகத் தொடாத துணியையும் செருப்பையும் பாத்திரத்தையும் எண்ணி அதே நோட்டில் எழுதுங்கள். நாலாம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் இருக்கிற கப்பதோக்கியாவில், செசரியா என்ற ஊரில் பசிலியார் என்று ஒருவர் இருந்தார். 369-ஐ ஒட்டி அங்கே கடும் பஞ்சம். களஞ்சியத்தைப் பூட்டிவைத்திருந்தவர்களைப் பார்த்து, நீ வைத்திருக்கிற அப்பம் பசித்தவனுடையது, பெட்டிக்குள் மடித்து வைத்த மேலாடை ஆடையில்லாதவனுடையது, மூலையில் உளுத்துப்போகிற செருப்பு வெறுங்காலோடு நடக்கிறவனுடையது என்ற பொருளில் பிரசங்கித்தார். அதோடு நிற்காமல் பஞ்சத்தில் அடிபட்டவர்களுக்குக் கஞ்சி ஊற்ற ஏற்பாடு செய்தார். பிறகு ஊருக்கு வெளியே ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் வழிப்போக்கர்களுக்கும் ஒரு பெரிய விடுதியே கட்டினார். ஈகை என்றால் என் பொருளிலிருந்து கொஞ்சம் உனக்கு என்றுதான் நாம் நினைக்கிறோம். பசிலியாரோ உன்னிடம் இருப்பது முதலிலேயே அவனுடையது என்கிறார். செருப்பை எண்ணும்போது இந்த வேறுபாடு உறைக்கும்.

2. காணிக்கைக்கு முன் கடனும் கூலியும்

ஒருமுறை எண்ணுகிற மேசைக்கு ஸ்தோத்திரக் காணிக்கையாக ஒரு தடித்த உறை வந்தது. நன்றி சொல்லிப் பெயரை வாசித்தோம். அந்த வாரமே, அந்த வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அம்மாள் தனக்கு இரண்டு மாதச் சம்பளம் நிற்கிறது என்று என் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். உறைக்குள் இருந்த நோட்டுகளில் சில யாருடையவை என்று எனக்குப் புரிந்தது.

கூலிக்காரனின் கூலியைப் பொழுது போகுமுன் கொடுத்துவிடு என்று உபாகமம் 24:15 சொல்கிறது. பிடித்துவைத்த கூலி கூக்குரலிடும் என்கிறார் யாக்கோபு. ஆகவே வீட்டு வேலைக்காரர், ஓட்டுநர், கடைப்பையன், வயலில் நிற்பவர் யாருக்காவது பாக்கி இருந்தால் அதை முதலில் தீருங்கள். அதற்குப் பிறகு உங்கள் கைக்கடன். கடன் கொடுத்தவரைத் தெருவில் பார்த்து ஒளிந்துகொண்டு கோயிலில் தாராளம் காட்டுவது சகேயு காட்டிய வழி இல்லை. நீங்களே வட்டிக்குக் கொடுப்பவராக இருந்தால் யாத்திராகமம் 22:25-ஐ வாசித்துவிட்டு, எளியவர்களிடம் வாங்கும் வட்டியை எப்போது நிறுத்துவது என்று இன்றே தேதி குறியுங்கள்.

பெற்றோர் விஷயம் இன்னும் கூர்மையானது. மாற்கு 7-இல், உங்களுக்குத் தரவேண்டியதைக் கொர்பான் என்று கடவுளுக்கு நேர்ந்துவிட்டேன் எனப் பெற்றோரிடம் கைவிரிக்கிறவர்களை இயேசு கடிந்துகொள்கிறார். அப்பாவின் மருந்துச் செலவை நிறுத்திவிட்டு மிஷனரி ஊழியத்துக்குப் பணம் அனுப்ப வேண்டாம்.

3. தினமும் ஒரு பிடி

இப்போது டப்பாவுக்கு வருவோம். சோறு பொங்குகிற வீடு என்றால் உலைக்கு அளந்த அரிசியிலிருந்தே எடுங்கள். மூட்டையிலிருந்து தனியாக அள்ளிப் போட்டால் வேலை சுலபம், ஆனால் பயன் குறைவு. அளந்த பிறகு எடுக்கும்போது இன்றைய சோற்றில் ஒரு கவளம் குறைகிறது. வீட்டில் யாரோ ஒருவர் அதைத் தெரியாமலே கொடுத்துவிடுகிறார். விடுதியில் தங்கிக் கடையில் சாப்பிடுகிறவர்கள் ஒரு மண் உண்டியல் வைத்து, சாப்பாட்டுக்குப் பணம் கொடுத்து வந்ததும் மிஞ்சிய சில்லறையை அதில் போடலாம். கைபேசியில் பணம் கட்டுகிறவர்கள் வாரம் ஒருமுறை மொத்தமாக எடுத்து வைக்கலாம், ஆனால் எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. கைக்கு ஒரு வேலை வேண்டும்.

இது சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு சேதி. மிசோரமில் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910-இல் இதையே 'பூஃபாய் தாம்' என்ற பெயரில் தொடங்கினார்கள். சமைக்குமுன் ஒரு பிடி, அவ்வளவுதான். இன்று அந்தச் சபைக்கு அதிலிருந்து வருடத்துக்குக் கோடிக்கணக்கில் வருகிறது. பிடி அரிசி நம் சபைகளுக்கு மட்டும் சொந்தமும் இல்லை. காஞ்சி மடத்திலும் அதே பெயரில் திட்டம் உண்டு. நம் ஊர் அடுப்படிக்குத் தெரிந்த பழக்கம், அதைக் கோயிலும் தெரிந்துகொண்டது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

மூன்று மாதம் இதை மட்டும் செய்யுங்கள். பெரிய தீர்மானம் எதுவும் வேண்டாம்.

4. எவ்வளவு என்ற கேள்வி

தசமபாகத்துக்கு, அதாவது வருமானத்தில் பத்தில் ஒன்றுக்கு, மல்கியா 3:10-ஐக் காட்டாத சபை குறைவு. அதே தசமபாகத்தைப் பற்றி உபாகமம் 14:28, 29 சொல்வதைக் காட்டுகிறவர்கள் அதைவிடக் குறைவு. மூன்றாம் வருடத்துத் தசமபாகத்தை வாசலில் வைத்து, லேவியனும் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் வந்து சாப்பிட்டுத் திருப்தியடைய வேண்டும் என்று அங்கே இருக்கிறது. புதிய ஏற்பாட்டில் கொரிந்து சபைக்குப் பவுல் விழுக்காடு எதுவும் குறிக்கவில்லை. அவனவன் மனதில் நியமித்தபடி, விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல என்கிறார். என் கருத்து: பத்தில் ஒன்று புதியவர்களுக்கு நல்ல ஊன்றுகோல். மாதம் 12,000 ரூபாயில் நாலு பேரைக் காப்பாற்றுகிறவருக்கு அது பாரம்; மாதம் இரண்டு லட்சம் வாங்குகிறவருக்கு அது தப்பித்துக்கொள்ளும் வழி.

இரண்டாமவருக்கு, மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஆங்கிலேயப் பிரசங்கியார் ஜான் வெஸ்லியைச் சொல்வேன். ஆக்ஸ்ஃபர்டில் ஓர் இளைஞனைப் பற்றி அவர் ஒரு பிரசங்கத்தில் சொல்கிறார். அது அவரேதான் என்று பொதுவாகக் கொள்வார்கள். முதல் வருடம் அவனுக்கு வருமானம் 30 பவுண்டு. 28-இல் வாழ்ந்தான், 2 கொடுத்தான். அடுத்த வருடம் 60 வந்தது. அப்போதும் 28-இல் வாழ்ந்து 32 கொடுத்தான். பிறகு 90 வந்தபோது 62, 120 வந்தபோது 92. நாமெல்லாம் கொடுப்பதற்கு ஓர் அளவு வைத்துக்கொண்டு வாழ்க்கையை ஏற்றிக்கொண்டே போகிறோம். அவன் வாழ்வதற்கு அளவு வைத்தான். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் 28 அப்படியே நிற்காது, தெரியும். ஆனாலும் அடுத்த சம்பள உயர்வு வருமுன்பே, அதில் எவ்வளவு வீட்டுக்கு, எவ்வளவு வெளியே என்று கணவனும் மனைவியும் உட்கார்ந்து நோட்டில் எழுதிவிடுங்கள். வந்த பிறகு பேசினால் அதற்குள் பைக் காராகிவிடும்.

இந்த இடத்தில் இரண்டு எச்சரிக்கை. ஆயிரம் விதைத்தால் லட்சமாக அறுப்பாய் என்று யாராவது மைக்கில் சொன்னால் உங்கள் கை சட்டைப்பையில் இருக்கட்டும். அது லாட்டரிக் கடைப் பேச்சு. அடுத்தது, தன் பிழைப்புக்கு இருந்த இரண்டு காசையும் காணிக்கைப் பெட்டியில் போட்ட விதவை. ஏழைகளிடம் காணிக்கை கேட்க இந்தக் கதையை எடுக்காதவர்கள் இல்லை. மாற்கு 12-இல் அதற்கு நேர்முந்தைய வசனத்தைப் பாருங்கள்: விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகரை, அதாவது வேதம் போதிக்கிறவர்களை, பற்றித்தான் இயேசு பேசிக்கொண்டிருந்தார். அந்த அம்மாளை அவர் மெச்சினார், உண்மை. நீங்களும் அப்படிச் செய்யுங்கள் என்று வேறு எந்த விதவையிடமும் சொல்லவில்லை. காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார் என்ற அந்த வரி, எண்ணுகிற மேசையில் உட்காருகிற எனக்கு எப்போதும் கொஞ்சம் அச்சம் தரும்.

5. மொய் திரும்பாத இடத்தில்

நம் ஊரில் கொடுப்பது என்றால் மொய் நோட்டு ஞாபகம் வரும். இவர் மகள் கல்யாணத்துக்கு 1,001, அவர் நம் வீட்டுக்கு வரும்போது அதையும் கொஞ்சம் சேர்த்தும் எழுத வேண்டும். குறைந்தால் பேச்சு. அதில் தவறொன்றும் இல்லை, நாலு குடும்பம் கைகோத்து ஒரு கல்யாணத்தை நடத்துகிற ஏற்பாடு அது. ஆனால் அது கடன், ஈகையில் சேராது.

லூக்கா 14:12-14 மொய்க்கு நேர்எதிர். விருந்து வைத்தால் நண்பரையும் சொந்தக்காரரையும் ஐசுவரியமுள்ள அயலாரையும் அழைக்காதே, அவர்கள் திருப்பி அழைத்துவிடுவார்கள். ஏழைகளையும் ஊனரையும் சப்பாணிகளையும் குருடரையும் அழை, உனக்குப் பதில்செய்ய அவர்களிடம் ஒன்றுமில்லை. இதைச் செய்து பார்க்கச் சுலபமான நாள் உங்கள் பிறந்தநாள் அல்லது ஞானஸ்நானம் பெற்ற நாள். விடுதிக்குப் போய்ப் பொட்டலம் கொடுத்துப் படமெடுத்துக்கொண்டு வருவதைச் சொல்லவில்லை. ஒரு குடும்பத்தை வீட்டுக்கு அழைத்து, உங்கள் தட்டிலேயே பரிமாறி, உங்களோடு உட்காரவைத்துச் சாப்பிடுங்கள். ஒரே ஒரு முறை. என்ன பேசுவது என்று தெரியாமல் முதல் பத்து நிமிடம் எல்லாருக்கும் சங்கடமாக இருக்கும். அசனப் பண்டிகையில் ஒரே பந்தியில் எல்லாரும் உட்காருகிறோமே என்பீர்கள். அங்கே உங்களுக்கு இரண்டு பக்கமும் யார் உட்கார்ந்தார்கள் என்று அடுத்த தடவை கவனியுங்கள்.

6. பெயர் வாசிக்கும்போது

அறுப்பின் பண்டிகை என்றால் எங்கள் கோயில் முற்றத்தில் ஏலம் நடக்கும். வாழைத்தார், முருங்கைக்காய், நாட்டுக்கோழி, முதல் ஈத்து ஆட்டுக்குட்டி. ஒரு வருடம் ஒரு பூசணிக்காய் வந்தது. சந்தையில் நாற்பது ரூபாய் பெறும். நானும் சபையில் இன்னொருவரும் ஏட்டிக்குப் போட்டியாக ஏற்றிக்கொண்டே போனோம். ஆயிரத்தைத் தாண்டியபோது கூட்டம் கை தட்டியது. 3,200 ரூபாய்க்கு நான் எடுத்தேன். மைக்கில் என் பெயரையும் அப்பா பெயரையும் சேர்த்து வாசித்தார்கள். பூசணிக்காயைத் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தபோது மனைவி ஒன்றும் பேசவில்லை. மூன்று தெரு தாண்டிய பிறகு, "யாருக்குக் கொடுத்தீர்கள்?" என்று மட்டும் கேட்டாள்.

பணம் ஆலயக் கூரைக்குத்தான் போனது, வீண்போகவில்லை. ஆனாலும் மத்தேயு 6:3-இல் வலதுகை செய்கிறதை இடதுகை அறியாதிருக்கட்டும் என்று இருப்பதை அன்று இரவு வாசிக்க எனக்குத் துணிவில்லை.

செய்ய வேண்டியது இது. வருடத்தில் ஒரு பெரிய கொடையாவது யாருக்கும் தெரியாததாக இருக்கட்டும்: உறையில் பெயர் எழுதாமல், ரசீது கேட்காமல், சாட்சி சொல்லும் நேரத்தில் வாய் தவறிக்கூடச் சொல்லாமல். யாருக்கும் தெரியாமல் கொடுத்த பிறகு நாலைந்து நாளில், யாராவது கண்டுபிடிக்க மாட்டார்களா என்று மனம் அரிக்கும். அந்த அரிப்பு வரும்போது பயப்படாதீர்கள். உங்கள் பிடி எங்கே இருக்கிறது என்று காட்டுவது அதுதான்.

7. பேனாக்கத்தி

சிலருக்கு இந்தக் கட்டத்தில் வேகம் பிடித்துவிடும். வேலையை விடுகிறேன், நகையை விற்கிறேன் என்று கிளம்புவார்கள். அவர்களுக்கு வனத்து அந்தோனியாரின் கதையை முழுவதுமாகச் சொல்ல வேண்டும். (பதுவைப் பட்டணத்து அந்தோனியார் வேறு, இவர் அவருக்கு ஏறத்தாழ ஆயிரம் வருடம் முந்தியவர்.) எகிப்தில், 270-ஐ ஒட்டி, கோயிலில் "உனக்கு உண்டானவைகளை விற்றுத் தரித்திரருக்குக் கொடு" என்ற வசனம் வாசிக்கக் கேட்டு, இருபது வயதுகூட ஆகியிருக்குமோ என்னவோ, பரம்பரையாக வந்த 300 அரூரா நிலத்தை, நம் கணக்கில் ஏறத்தாழ 200 ஏக்கரை, ஊராருக்குக் கொடுத்துவிட்டார். எல்லாரும் இத்தோடு கதையை நிறுத்திவிடுவார்கள். அவருக்கு ஒரு தங்கை இருந்தாள். முதலில் அவளுக்கென்று கொஞ்சம் ஒதுக்கினார். பிறகு அதையும் கொடுக்கத் தீர்மானித்தபோது, நம்பிக்கையான கன்னியரிடம் அவளை வளர்க்க ஒப்படைத்த பிறகுதான் துறவுக்குப் போனார். உங்கள் பொறுப்பில் தங்கையோ மனைவியோ பிள்ளையோ இருந்தால், அவர்களைக் கேட்காமல் அவர்கள் சோற்றைத் தானம் செய்ய உங்களுக்கு உரிமையில்லை.

அப்படியே எல்லாவற்றையும் விட்டுப் போனவர்களும் தப்பவில்லை என்பதை யோவான் காசியான் எழுதிவைத்திருக்கிறார். எகிப்தியப் பாலைவனத் துறவிகளிடம் கற்று, ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதியவர் அவர். பொன்னையும் வெள்ளியையும் பெரும் நிலபுலன்களையும் தூக்கியெறிந்துவிட்டு வந்தவர்கள், பிறகு ஒரு பேனாக்கத்திக்காக, ஓர் எழுத்தாணிக்காக, ஓர் ஊசிக்காகக் கோபப்படுகிறார்களே என்கிறார். இருநூறு ஏக்கரை விட்டவனுக்கு ஊசியை விட முடியவில்லை. நம் வீட்டிலும் அந்த ஊசி இருக்கும். எனக்கு அது ஒரு மைப்பேனா. கணக்கு எழுத யாராவது கேட்டால் வேறு பேனாவைத் தேடிக் கொடுப்பேன். உங்களுடையது எது என்று கண்டுபிடித்து, ஒரு வாரம் அதை வேறொருவருக்கு இரவல் கொடுங்கள். திரும்பி வரும்போது கீறல் விழுந்திருந்தால் இன்னும் நல்லது.

கூட்டாக இப்படி வாழ்ந்து பார்த்தவர்கள் நம் மண்ணிலும் உண்டு. 1921-இல் திருப்பத்தூரில் ஜேசுதாசன், ஸ்காட்லாந்துக்காரரான ஃபாரெஸ்டர் பேட்டன் என்ற இரண்டு மருத்துவர்கள் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். கதர் உடை, எளிய சாப்பாடு, சம்பளமில்லாத மருத்துவம். வெள்ளைக்காரர் ஆண்ட காலத்தில், தமிழரை எல்லாரும் பெரியண்ணன் என்றும் ஸ்காட்லாந்துக்காரரைச் சின்னண்ணன் என்றும் கூப்பிட்டார்கள். தாழ்மைக்கு ஒரு விளக்கவுரை வேண்டுமென்றால் எனக்கு அந்த இரண்டு உறவுப் பெயர்களே போதும்.

8. உட்காரும் இடம்

பொன்மோதிரமும் மினுக்கான உடையும் போட்டவனுக்கு நல்ல இடம், கந்தை உடுத்தவனுக்கு என் பாதப்படியண்டை என்று சபையில் நடப்பதை யாக்கோபு 2-ஆம் அதிகாரத்தில் கண்டிக்கிறார். இன்றைக்கு நம் கல்யாண ஆராதனைகளில் முன்வரிசைப் பிளாஸ்டிக் நாற்காலிகளை யாருக்காகத் துண்டு போட்டுப் பிடித்து வைக்கிறார்கள் என்று பாருங்கள். யாக்கோபு நேற்றுத்தான் எழுதினார் என்று தோன்றும். நீங்கள் பின்னால் உட்காருங்கள். ஆனால் பின்னால் உட்கார்ந்து, யாராவது வந்து முன்னால் அழைக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பதும் முன்னால் உட்காருவதும் ஒன்றுதான். அதற்கு நான் கண்ட ஒரே மருந்து, அங்கே ஒரு வேலை எடுத்துக்கொள்வது: செருப்பு ஒழுங்குபடுத்துவது, பாட்டிமார்களுக்குப் பாட்டுப் புத்தகத்தில் பக்கம் எடுத்துக் கொடுப்பது.

இதைவிடக் கடினம், வாங்கிக்கொள்வது. கொடுத்துப் பழகியவர்களுக்கு வாங்கத் தெரியாது. இயேசு காலைக் கழுவ வந்தபோது பேதுரு மறுத்ததும் இதனால்தான். நீங்கள் உதவி செய்த வீட்டிலிருந்து அவர்கள் மரத்து முருங்கைக்காய் நாலு வந்தால், "உங்களுக்கே வேண்டாமா" என்று திருப்பி அனுப்பாதீர்கள். வாங்கிச் சாம்பாரில் போட்டு, நன்றாக இருந்தது என்று போய்ச் சொல்லுங்கள். ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட், நம் கத்தோலிக்கர் ஆசீர்வாதப்பர் என்று சொல்கிறவர், மடத்துக்கு எழுதிய ஒழுங்கில் 34-ஆம் பகுதி இதைப் பற்றியது. குறைவாகத் தேவைப்படுகிறவன் கடவுளுக்கு நன்றி சொல்லட்டும், முகம் சுளிக்க வேண்டாம். அதிகம் தேவைப்படுகிறவன் தன் பலவீனத்தை எண்ணித் தாழட்டும், தனக்குக் கிடைத்த இரக்கத்தை வைத்துப் பெருமை கொள்ள வேண்டாம் என்பது அதன் சாரம். எல்லாருக்கும் சமமாக என்று அவர் சொல்லவில்லை, தேவைக்குத் தக்கபடி என்றார். கூட்டுக்குடும்பத்தில் வாழ்ந்தவர்களுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்.

9. கையில் ஒன்றும் இல்லாதவர்களுக்கு

இதுவரை வாசித்துவிட்டு, எனக்கு விட ஒன்றும் இல்லையே என்று நினைப்பவர் இருப்பீர்கள். உங்கள் வறுமை ஓர் ஆசீர்வாதம் என்று உங்களிடம் சொல்ல எனக்கு வாய் இல்லை. பிரான்சிஸ் அசிசியார் 1206-இல் ஆயர் முன்னிலையில் உடுத்த துணியையும் களைந்து துணி வியாபாரியான தகப்பனிடம் கொடுத்தார் என்றால், அது அவர் தேர்ந்துகொண்ட வறுமை. வாடகை பாக்கியும் பள்ளிக் கட்டணமும் யாரும் தேர்ந்துகொள்கிற வறுமை இல்லை. ஆகவே உங்களுக்கான படி வேறு. சபையில் ஏழைகளுக்கான நிதி இருந்தால் ஐயரிடமோ பொருளாளரிடமோ வெட்கப்படாமல் கேளுங்கள். அந்தப் பணம் உங்களுக்காகத்தான் இருக்கிறது, அதை எழுதிவைக்கிறவன் சொல்கிறேன். கத்தோலிக்கப் பங்காக இருந்தால் வின்சென்ட் தே பவுல் சபையாரை விசாரியுங்கள்; 1833-இல் பாரிஸில் சில மாணவர்கள் தொடங்கியது, பல பங்குகளில் வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள். காணிக்கைப் பை உங்கள் முன் வரும்போது கை கூப்பி அனுப்பிவிட்டால் யாரும் ஒன்றும் நினைக்கப்போவதில்லை. நினைத்தால் அது அவர்கள் பாடு.

பிடி அரிசி போட வேண்டும் என்று மனம் சொன்னால் போடுங்கள். எங்கள் சபையில் அந்த அரிசியை ஆராதனைக்குப் பிறகு மலிவு விலைக்கு விற்பார்கள். புழுங்கலும் பச்சையும், பொன்னியும் ரேஷனும் கலந்த அரிசி. சோறு ஒரே பதமாக வேகாது, ஆனால் தோசைக்கு நன்றாக இருக்கும். வாங்க வருகிறவர்களில் போட்டவர்களும் இருப்பார்கள்.

டப்பாவைப் பற்றிக் கடைசியாக ஒன்று. மூடி இறுக்கமாக இருக்கட்டும், அடியில் நாலு காய்ந்த வேப்பிலை போட்டுவையுங்கள். மழைக்காலத்தில் மாதம் முழுக்க வைத்திருந்தால் வண்டு விழும்; இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.